மேசைமேல் ஓர் ஊர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

போரை ஆட்டமாக ஆடிப் பார்ப்பது நமக்குப் புதிய செய்தியன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் கட்டங்களுக்குள் அடக்கி, சதுரங்கம் என்று பெயரிட்டு உலகுக்கு அளித்தது இந்த நாடு. ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளைப் பழைய மண்டபங்களின் கல்தரையில் இன்றும் காணலாம். ஆயினும் இவ்விரண்டிலும் ஒரு குறை உண்டு. படை இருக்கிறது; ஊர் இல்லை. சதுரங்கப் பலகையில் ஏறி நின்று பார்க்க ஒரு மேடு கிடையாது. பதுங்க ஒரு குட்டிச்சுவர் கிடையாது. தாகத்துக்கு ஒரு கிணறும் கிடையாது. உண்மையான போர்களிலோ மேடும் சுவரும் கிணறும்தான் பாதி வெற்றியைத் தீர்மானித்திருக்கின்றன.

இக்குறையை நீக்க மேனாட்டார் முயன்ற கதை சுவையானது. 1812-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பவர், மலை, ஆறு, ஊர் ஆகியவற்றைச் சாந்தில் வார்த்த சிறு சிறு பலகைகளாகச் செய்து, அவற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையைத் தம் அரசருக்கு அளித்தார். 1824-இல் அவருடைய மகன் அதை வரைபடத்தின் மேல் ஆடும் ஆட்டமாக மாற்றி விதிகளை அச்சிட்டார். படை அதிகாரிகள் அதைப் பயிற்சியாகவே ஏற்றனர். பின்னர் 1913-இல், அறிவியல் புதினங்களால் நாம் அறிந்த எச்.ஜி.வெல்ஸ், தகரச் சிப்பாய்களையும் விசைப் பொம்மைப் பீரங்கியையும் வைத்துக்கொண்டு தரையில் ஆடும் ஆட்டத்துக்கு 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு நூலே எழுதினார். இன்று உலகெங்கும் இவ்வாட்டத்தை ஆடுவோர் உளர். அவர்கள் வீடும் தெருவும் கோட்டையும் கொண்ட பொம்மை ஊர்களைக் கடையில் வாங்குகின்றனர். வாங்க முடியாதவர்களும், வாங்குவதில் சுவை காணாதவர்களும் தாமே செய்துகொள்கின்றனர். நான் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன், அதிலும் முதற்காரணத்தால்.

நம் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையென்று எவரும் நினைக்க வேண்டா. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குக் கீழே 'பார்க்' என்று ஒன்று வைப்பார்களே, அது என்ன? தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவி, ஒரு வாரம் முன்னதாகவே முளைக்க வைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டுக் குளம், மணல் சாலை, அட்டை இரயில் நிலையம். எங்கள் தெருவில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. சுண்டலுக்காகப் பிற தெருக்களுக்குச் சென்றவர்கள் நாங்கள். எனக்குப் படியிலிருந்த பொம்மைகளைக் காட்டிலும் கீழேயிருந்த அந்த ஊரின்மேல்தான் கண். பிறகு என்.சி.சி. வகுப்பில் மணல் மாதிரி செய்யக் கற்றுத் தந்தார்கள். வரைபடத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் தரையில் நூல் கட்டிப் பிரித்து, மணலைக் குவித்து, வண்ணப்பொடி தூவிச் சாலையும் ஓடையும் காட்டும் முறை அது. கொலு பார்க்கின் அழகையும் மணல் மாதிரியின் அளவையும் சேர்த்தால் நாம் வேண்டும் ஊர் கிடைத்துவிடும்.

ஆனால் அளவு என்ற இடத்தில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. திருவிழாக் கடைகளில் கிடைக்கும் சிறிய பிளாஸ்டிக் சிப்பாயின் உயரம் 2 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மனிதன் ஏறத்தாழ 160 சென்டிமீட்டர். ஆகவே அளவு 80-க்கு 1. இதன்படி இரண்டு மீட்டர் நிலைவாசல் இரண்டரை சென்டிமீட்டர். மூன்று மீட்டர்ச் சுவர் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதுவரை தொல்லையில்லை. இனி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்கு வாருங்கள். பதினொரு நிலைகளும் 190 அடிக்கு மேற்பட்ட உயரமும் கொண்டது அது. 80-க்கு 1 என்று குறைத்தாலும் 70 சென்டிமீட்டருக்கு மேல் போய், மேசையருகே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேரே நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் இடையிலுள்ள 11 கிலோமீட்டர்ச் சாலையோடு செய்யத் துணிந்தாலோ 137 மீட்டர் நீள மேசை வேண்டும். நம் கல்லூரி விளையாட்டுத் திடலே போதாது!

எனவே இரண்டு அளவுகளை வைத்துக்கொள்வதே வழி. ஆளுக்கும், ஆள் தொட்டு நிற்கும் சுவருக்கும் ஓர் அளவு. தரைக்கு வேறோர் அளவு. முன்னதை ஆளளவு என்றும் பின்னதைத் தரையளவு என்றும் நான் சொல்லிக்கொள்கிறேன். தரையளவை 1000-க்கு 1 என்று வைத்தால் ஆறடிக்கு நாலடி மேசையில் சுமார் 1.8 கிலோமீட்டர் நீளமும் 1.2 கிலோமீட்டர் அகலமும் அடங்கும். ஓர் ஊருக்கும் அதன் வெளிக்கும் அது போதும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நம் பகுதி பாளையப்பட்டுகளின் நாடு. இராஜபாளையம் என்ற பெயருக்குள்ளேயே படை தங்கும் இடத்தைக் குறிக்கும் சொல் இருக்கிறது. தெற்கே தென்காசிச் சாலையில் சென்றால் பூலித்தேவனின் வாசுதேவநல்லூர் வருகிறது. அவ்வகை மண்கோட்டைகளுள் அளவோடு எழுதி வைக்கப்பட்ட ஒன்று பாஞ்சாலங்குறிச்சி. 1801-இல் அதனை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலப் படையில் இருந்த வெல்ஷ் என்னும் அதிகாரி, பின்னர் 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், கோட்டை 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உடையது. முழுதும் இறுகிய மண்ணால் ஆனது. சுவர் ஏறக்குறைய 12 அடி உயரம். சிறு சதுரக் கொத்தளங்கள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி இல்லை என்று குறித்திருக்கிறார். கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்டபின் தரைமட்டமாக்கப்பட்டு, 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய சில நாள்களுக்குள்ளாகவே மீண்டும் எழுப்பப்பட்ட கோட்டை அது. போருக்குப் பின் மறுபடியும் இடிக்கப்பட்டது. இன்று அங்கு நிற்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. இடித்தவர் தரப்பில் ஒருவர் எழுதி வைத்த அளவைக் கொண்டுதான் இடிந்ததை நாம் மேசைமேல் எழுப்ப வேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் சற்று விசித்திரமாகவே இருக்கிறது.

அந்த எண்களை நம் அளவில் போட்டுப் பாருங்கள். தரையளவில் கோட்டை 15 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர்; ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான். சுவரையும் தரையளவில் வைத்தால் 4 மில்லிமீட்டர்கூட வராது; சிப்பாய் காலைத் தூக்கித் தாண்டிவிடுவான். ஆளளவில் வைத்தால் நாலரை சென்டிமீட்டர். அப்போதுதான் ஏணி தேவைப்படும். ஆகவே நீள அகலம் தரையளவில், உயரம் ஆளளவில். பார்வைக்குக் கோட்டை சற்றுக் குட்டையாக, தடித்துத் தோன்றும். அதற்கு நான் வருந்துவதில்லை. ஆட்டத்தில் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது.

தூரங்களும் தரையளவில்தான். அக்காலத் துப்பாக்கி ஓரளவு குறி தவறாமல் சுடும் தூரம் 100 மீட்டர் என்று கொண்டால் மேசைமேல் 10 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 75 மீட்டர் நடக்கும் படை, இரண்டு நிமிடம் கொண்ட ஒரு முறைக்கு 15 சென்டிமீட்டர் நகரலாம். அதாவது, தடையொன்றும் இல்லாவிட்டால் தாக்குபவன் சுடும் எல்லைக்குள் நுழைந்த அதே முறையில் சுவரைத் தொட்டுவிடுவான். அந்த முள்வேலி எதற்கென்று இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு விளங்கிற்று. வேலியில் ஒரு முறை சிக்கி நின்றால் இரண்டு நிமிடத் துப்பாக்கிச் சூட்டை வாங்க வேண்டும். 1801 மார்ச் 31-ஆம் நாள் தாக்குதலில் வேலியைக் கடந்து சுவரின் உடைப்பு வரை சென்றவர்களும் உள்ளே இறங்க முடியாமல் திரும்பினர். கோட்டை விழுந்தது மே 24-இல். புத்தகத்தில் நாம் ஒரு வரியில் கடந்துவிடும் 'முள்வேலி' மேசையில் முழுப் போராகிறது.

இனிப் பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன். நாம் பிறந்த பகுதி இந்த வேலைக்கென்றே அமைந்தது போலும்! கிழக்கே சிவகாசி, அச்சகக் கழிவு அட்டைக்கும் தீப்பெட்டிக்கும் பஞ்சமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அட்டைப் பெட்டிகள். இராஜபாளையத்தில் நூற்பாலைக் கழிவுப் பஞ்சும், நூல் சுற்றிவரும் காகிதக் கோன்களும். கோனின் கூம்பு முனையை வெட்டிவிட்டு மண் பூசினால் நெற்குதிர் தயார். அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரமோ காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. என் தாயார் அத்தொழிலில் இருப்பதால் ஓரத் துணித் துண்டுகள் எங்கள் வீட்டில் எப்போதும் கிடைக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையை அந்தத் துணியால்தான் செய்தேன். பழைய செய்தித்தாளைக் கசக்கி, மலை வடிவில் குவித்து ஒட்டிக்கொள்ள வேண்டும். பாரிஸ் சாந்தை நீரில் கரைத்து, துணியை நனைத்து, குவியலின்மேல் இரண்டு மூன்று அடுக்காகப் போர்த்த வேண்டும். நெசவு இடைவெளி விட்டு அமைந்திருப்பதால் சாந்து இழைகளுக்கிடையே புகுந்து பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரத்தில் இறுகிவிடும். உள்ளேயிருக்கும் தாளை எடுத்துவிட்டாலும் மலை நிற்கும். இதில் வேதியியல் உண்டு. ஜிப்சத்தைச் சுமார் 150 பாகை சென்டிகிரேடில் சூடாக்கும்போது அதன் படிக நீரில் முக்கால் பங்கு வெளியேறிவிடுகிறது. அந்தப் பொடிதான் பாரிஸ் சாந்து. நாம் நீர் விட்டதும் இழந்த நீரைத் திரும்பப் பெற்று மீண்டும் ஜிப்சமாகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். இறுகும் மலையின்மேல் உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றிபோல் இருக்கும்.

மலையின் சாய்வு அழகாக இருக்கலாம், செங்குத்தாக இருக்கலாகாது. வழவழப்பான சாந்தின்மேல் சாய்வு சற்று அதிகமானாலும் சிப்பாய் வழுக்கி இறங்கி விடுவான். ஈரம் காயுமுன் மணல் தூவினால் உராய்வு கூடும். அதற்குமேல் படிப்படியாகத் தட்டுகள் வெட்டிவிட வேண்டியதுதான்.

வீடுகளுக்கு அட்டையே போதும். ஓட்டு வீட்டுக்குப் பெரிய சாமான்கள் வரும் தடித்த அட்டையை எடுத்து, மேல்தாளை நீர் தடவி உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்கும். செங்காவி பூசினால் ஓட்டுக்கூரை. ஆனால் 1801-ஆம் ஆண்டு ஊருக்குச் சீமை ஓடு போடக் கூடாது. பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல்தான். நாட்டு ஓடும் கூரையுமே பொருந்தும். கூரைக்குத் தேங்காய் நாரைச் சீவி ஒட்டலாம். வேலிக்குப் பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்து வைக்கலாம். அதைச் சீமைக் கருவேலம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. அன்றைய வேலி நம் உடைமுள்ளே. கோபுரத்தைப் பொறுத்தவரை 30 சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டு, பதினொரு நிலைகளை மட்டும் குறைக்காமல் விட்டேன். உயரம் குறைந்ததை எவரும் கேட்கவில்லை. நிலைகளை எண்ணிப் பார்க்காதவர் இல்லை.

கூரையைத் தனியே கழற்றி எடுக்கும்படி செய்வது அவசியம்; வீட்டுக்குள் ஆள் நிறுத்த வேண்டும் அல்லவா? தெருவும் ஆட்டக்காரன் விரல் நுழையும் அகலமாவது இருக்க வேண்டும். விரல் நுழையாத சந்தில் சிப்பாயும் நுழையமாட்டான். யார் யாரைக் காணலாம் என்பதற்கு நூலொன்றை இழுத்துப் பிடித்துப் பார்ப்பது ஒரு முறை. நான் கையாளுவது வேறு: இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கொத்தளத்தின் மேல் சிறு டார்ச் விளக்கை வைக்கிறேன். ஒளி நேர்க்கோட்டில் செல்லும். வெளிச்சம் பட்டவன் சுடப்படலாம்; நிழலில் இருப்பவன் தப்பினான். மின்வெட்டுக்கு எங்கள் வீட்டில் நான் ஒருவனே மகிழ்பவன்.

இனி, இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். தரையளவில் ஊரைக் குறைக்கும்போது ஐம்பது வீட்டுக்கு ஒரு வீடு, பத்துத் தெருவுக்கு இரண்டு தெரு என்றாகிவிடுகிறது. எந்த இரண்டு? என் மேசை ஊர் எந்த ஓர் ஊரின் நகலும் அன்று. மலை இராஜபாளையத்துடையது, கோபுரமும் தெப்பக்குளமும் ஸ்ரீவில்லிபுத்தூருடையவை. தேர் திரும்ப வேண்டிய அகலம் ரத வீதிக்கு உண்டு. ஆகவே அது பீரங்கிக்கும் நல்ல வெட்டவெளி. அதை விட முடியாது. கடைத்தெருவையும் விட முடியாது. இப்படி எவரைக் கேட்டாலும் முதலில் நீக்கச் சொல்வது ஊர்க்கோடியில் உள்ள கூரை வீடுகளைத்தான். மேனாட்டார் அச்சிட்ட பொம்மை ஊர்ப் படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். அவற்றிலும் மாதாகோயில், சந்தை, மாடி வீடு, பாலம் எல்லாம் உண்டு, கோடிவீடு இல்லை.

நான் ஊர்க்கோடியில் பிறந்தவன். என் தந்தையார் ஆலைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே பாசம் பேசுகிறது என்று நீங்கள் எண்ணலாம். பாசத்தை ஒதுக்கிவிட்டு ஆட்டக் கணக்காகவே பாருங்கள். படை ஊருக்குள் வானிலிருந்து குதிப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறது, முதலில் தொடுவது ஊர்க்கோடி. தாக்குபவனுக்கு அங்கேதான் மறைவு கிடைக்கிறது. ஆகவே காப்பவன் முதலில் கொளுத்துவதும் அதையே. கோடிவீடுகள் இல்லாத மேசையில் இவ்விரண்டும் நடப்பதில்லை. கோட்டைக்கும் வயலுக்கும் நடுவே வழுவழுவென்று ஒரு மைதானம் மட்டும் கிடக்கும். அது பொய்யான ஆட்டம். ஆதலால் கடைத்தெருவில் மூன்று வீட்டைக் குறைத்துக் கோடியில் எட்டுக் கூரை வீடுகளை வைத்தேன்.

எல்லாம் செய்து முடித்தபின் என் தாயார் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏய்யா, எல்லாம் வச்சிருக்க. இந்த எட்டு வீட்டு ஆளுக தண்ணிக்கு எங்க போவாக?"

தெப்பக்குளத்தைக் காட்டினேன்.

"அது சாமி குளம்லய்யா. அங்க போயி யாரு இவுகள எடுக்க விட்டா அப்ப?"

போர்நூல்கள் கூறாத செய்தி இது. மறுநாளே கோடியில் ஒரு கிணறு வைத்தேன். பழைய பேனா மூடியின் வளையமும் சுற்றிலும் களிமண்ணும். ஆட்டமே மாறிவிட்டது. முற்றுகையிடும் படைக்கும் மாடுகளுக்கும் தண்ணீர் வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தோம். அதுவரை யாரும் திரும்பிப் பாராத மூலை, மூன்று ஆட்டமாக இரு தரப்பாரும் மோதும் இடமாயிற்று.

விதிகளை நான் விரித்துரைக்கப் போவதில்லை. தாயக்கட்டை உருட்டத் தெரிந்தவர்கள் தாமே வகுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெல்ஸின் நூலிலும் சரி, நான் அறிந்த பிற விதிகளிலும் சரி, வீடு என்றால் மறைவு, அவ்வளவே. வீட்டில் யார் இருந்தார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. நாங்கள் வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கிறோம். முதல் துப்பாக்கி வெடித்ததும் கொட்டைகள் குளத்தங்கரைச் சாலை வழியாக வெளியேறத் தொடங்கும். குழந்தை குட்டியோடு போகிறவர்கள் ஆதலால் முறைக்கு 7 சென்டிமீட்டர்தான். சாலையில் கொட்டை இருக்கும்வரை பீரங்கி வண்டி அவ்வழியே செல்லக் கூடாது.

செய்ய விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. மைதாப் பசையில் செய்த அட்டை வீடுகளைப் பூச்சி அரிக்கும். பசை காய்ச்சும்போது சிறிது மயில்துத்தம் சேர்த்தால் அரிக்காது. புத்தகம் கட்டுவோர் செய்வதுதான். அது நஞ்சு, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் ஊர் இப்போது இரண்டு பால்கோவா அட்டைப் பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மலை மட்டும் அடங்காமல் பரணில் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் நானும் விலங்கியல் நண்பர் ஒருவரும் ஆடினோம். அவர் தாக்குபவர். பீரங்கியைக் குளத்தங்கரை வரை கொண்டுவந்துவிட்டார். கொத்தளம் 10 சென்டிமீட்டரில் இருந்தது. எட்டுக் கொட்டைகளும் சாலையில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. இரண்டு முறை வண்டியை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். மூன்றாம் முறையில் கட்டையைக் கையிலெடுத்தவர், உருட்டாமல், "கடைசிக் கொட்டை தாண்டட்டும்" என்று கீழே வைத்துவிட்டார்.